ஒடுக்கு விழுந்த பித்தளையும் மதுரைப் பட்டறைகளும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். குடம், அண்டா, சருவம், தவலை எதில் ஒடுக்கு விழுந்தாலும், காய்ச்சி (அதாவது உலையில் சூடேற்றி மென்மையாக்கி) அடிக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். பாத்திரத்தைக் கையில் வாங்கியதும் காய்ச்சாமல் அப்படியே பச்சையாகத் தட்டி, டீ குடித்து வருவதற்குள் "இந்தாங்க" என்று நீட்டுபவரிடம் கூலி பாதியாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். "இதைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்று சொல்லும் கடைக்காரர் பேச்சைத் தகட்டின் கனத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டாம்.

மதுரையில் இந்த வேலையை மூன்று விதமான ஆட்களிடம் கொடுக்க முடியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் வெண்கலக்கடைத் தெருப் பக்கமும் உள்ள பாத்திரக் கடைகளில் சில, பழுதானதை வாங்கி வைத்து வெளியே வேலைக்கு அனுப்பித் திருப்பித் தரும். (புது மண்டபத்துக்குள் பித்தளைச் சாமான் தேடிப் பழகியவர்களுக்கு: அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) இரண்டாவது, சைக்கிளிலோ டிவிஎஸ் வண்டியிலோ துருத்தியும் கரியும் கட்டிக்கொண்டு தெருவில் குரல் கொடுத்து வரும் ஈயம் பூசுகிறவர்கள். மூன்றாவது, கடைத்தெருவை ஒட்டிய சந்துகளிலும் ஊருக்கு வெளிப்புறத்திலும் உலை வைத்திருக்கும் சின்னப் பட்டறைகள்.

கடை வழியாகக் கொடுப்பதில் ஒரே சௌகரியம் ரசீது. கடைக்காரருக்கும் உலைக்காரருக்கும் நடுவே நீங்கள் சொன்ன விவரம் பாதி தொலைந்துவிடும். "கழுத்துப் பக்கம் மட்டும் காய்ச்சுங்க, அடியைத் தொடாதீங்க" என்று சொன்னது அங்கே போய்ச் சேராது. தெருவில் வருபவர் ஈயம் பூச நல்லவர், காரணம் எல்லாம் உங்கள் கண்முன் நடக்கும். ஆனால் அவர் சுமந்து வருவது ஒரு கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) அடியில் வைத்துத் தட்ட ஒரு சின்னப் பட்டடையும்தான். வாய் அகன்ற சட்டியின் மேலோட்டமான ஒடுக்கை எடுப்பார். குறுகிய கழுத்துக் குடத்தின் வயிற்றில் விழுந்த குழிக்கு அந்தச் சாமான் போதாது. ஆழமான ஒடுக்கு என்றால் நேராகப் பட்டறைக்கே போய், அடிக்கப் போகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் சரி.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, காய்ச்சி அடிப்பீங்களா, பச்சையாவா?"

இந்த ஒரு கேள்விக்குள் வேலையின் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அடித்து உருவாக்கும் பாத்திரத் தகட்டில் செம்பு மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே இருக்கும். இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு: அடி வாங்க வாங்க விறைக்கும். குடம் கீழே விழுந்து ஒடுங்கிய கணத்திலேயே அந்த இடம் ஒரு முறை விறைத்துவிட்டது. அதை எதிர்ப்பக்கம் தள்ளினால் இன்னும் விறைக்கும். விறைத்தது வளையாது, கீறும். பச்சையாக அடித்த குடம் அன்றைக்கு அழகாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல் ஒடுக்கின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். நாலு மாதம் கழித்துத் தண்ணீர் கசியும்போது "அடிச்சது அப்பவே சரியா இருந்துச்சே" என்பார்கள்.

காய்ச்சினால் அந்த விறைப்பு இறங்கும். பித்தளைக்கு 425 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் போதும், உள்ளே இறுகிக் கிடந்த உலோகப் பரல்கள் (கண்ணுக்குத் தெரியாத மணிகள்) புதிதாக உருவாகி மென்மை திரும்பும். பட்டறையில் தெர்மாமீட்டர் இருக்காது, கண்தான் அளவுகோல். நிழலில் வைத்துப் பார்த்தால் மங்கலான செம்மை தட்டும் நேரம், ஏறக்குறைய 600 டிகிரி. நல்ல வேலைக்காரர் உலையை வெயில் படாத மூலையில் போட்டிருப்பதன் காரணம் இதுதான். வெயிலில் அந்தச் செம்மை தெரியாது. தெரியும்போது தாண்டிப் போயிருக்கும். தாண்டினால் பரல்கள் பெருத்து, அடித்த பிறகு மேல்தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக வரும். இன்னும் சூடேறினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போகத் தொடங்கும். அந்தப் புகையை முகர்ந்தால் இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி அடிக்கும். பாத்திரமும் வீண்.

காய்ச்சியதைத் தண்ணீரில் முக்குவதா, ஆறவிடுவதா என்று சிலர் வாதம் செய்வார்கள். பித்தளைக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீரில் முக்கினால் விறைக்கும் என்பது எஃகுக்குப் பொருந்தும் பேச்சு. ஒரே எச்சரிக்கை, பற்றவைத்த மூட்டு உள்ள பழைய குடத்தைச் சட்டென்று முக்கினால் மூட்டு விட்டுப்போகலாம்.

ஒடுக்கில் எல்லாம் ஒரே ஜாதி கிடையாது. கட்டைவிரலை வைத்து ஒடுக்கின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரல் தடங்காமல் சரிந்து இறங்கினால் சப்பை ஒடுக்கு. உள்ளிருந்து மரக்கட்டையால் அமுக்கினாலே முக்கால்வாசி வந்துவிடும், காய்ச்சக்கூட வேண்டியதில்லை. ஓரத்தில் வரப்பு மாதிரி மேடு தட்டுப்பட்டால் குழி. அதைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். காகிதத்தை மடித்த மாதிரிக் கூர்மையான கோடு தெரிந்தால் அது மடிப்பு. மடிப்பை எடுத்தாலும் அந்தக் கோடு பலவீனமாகத்தான் இருக்கும். "எடுத்துத் தர்றேன், ஆனா ஓட்டை விழுந்தா ஒட்டுப் போடணும்" என்று முன்கூட்டியே சொல்லும் ஆள் நேர்மையானவர். எதைக் காட்டினாலும் "புதுசு மாதிரி ஆக்கிடலாம்" என்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

துப்பாக்கித் தோட்டாவின் கூட்டிலும் இதே பாகுபாடுதான் என்பது சுவாரசியம். அது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கொண்ட பித்தளை; நம் குடத்துக்குப் பங்காளி. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சுட்டவுடன் காலிக் கூட்டை வேகமாக வெளியே வீசும். போகிற போக்கில் துப்பாக்கியின் பக்கவாட்டில் மோதி அதன் வாய் நெளியும், விலாவில் குழி விழும். அமெரிக்காவில் காலிக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள், நெளிந்த வாய்க்குள் கூம்பு நுனிக் கம்பியை விட்டு வட்டமாக்குவார்கள். விலாவின் மேலோட்டமான குழியை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த முறை சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் அதைத் தள்ளிச் சமப்படுத்திவிடும். கூர்மையாக மடிந்ததைக் கழித்துக் கட்டுவார்கள், அங்கிருந்துதான் கீறல் புறப்படும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அடிக்கடி விரிந்து சுருங்கும் கழுத்தை மட்டும் காய்ச்சி மென்மையாக்குவார்கள். 400 டிகிரி பக்கம் உருகும் வண்ணத்தைத் தடவி வைத்து அளவு பார்ப்பார்கள். அடிப்பகுதிக்குச் சூடு போகவே விட மாட்டார்கள், அழுத்தத்தைத் தாங்க அது விறைப்பாக இருந்தாக வேண்டும். எங்கே மென்மை வேண்டும், எங்கே விறைப்பு வேண்டும் என்ற இந்தக் கணக்கு நம் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். குடம் முழுவதையும் தணலில் கவிழ்த்துக் காய்ச்சி அப்படியே கொடுத்தால், இடுப்பில் வைத்த அன்றைக்கே பழையபடி ஒடுங்கும். (பழைய பித்தளையோடு தோட்டாக் கூட்டை எடைக்குப் போட யாராவது வந்தால் பட்டறைக்காரர் கை வைக்காமல் இருப்பது உத்தமம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. வெடிக்காத ஒன்று கலந்து உலைக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.)

அடிக்கும் முறைக்கு வருவோம். நின்று பார்க்க விடுகிற பட்டறையா என்பதே ஒரு மதிப்பெண். குழியின் நடுவில் முதல் அடி விழுந்தால் வேலை தெரியாதவர் என்று அர்த்தம். குழியைப் பிடித்து வைத்திருப்பது அதன் ஓரத்து வரப்புதான். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். முதல் சுற்றுகள் மரக் கொட்டாப்புளியால். புளியமரக் கட்டை என்றால் உத்தமம். மரம் தகட்டை நகர்த்தும், நீட்டாது. இரும்புச் சுத்தியலுக்கும் இரும்புப் பட்டடைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தகடு மெலிந்து பரப்பில் பெருகும். பெருகியது போக இடமில்லாமல் உப்பி நிற்கும். கையால் அமுக்கினால் "டொக்" என்று உள்ளே போய், விட்டால் "டொக்" என்று வெளியே வரும். எண்ணெய் டின்னின் அடி மாதிரி இப்படி விளையாடும் குடத்தைத் திருப்பி வாங்கவே வாங்காதீர்கள். அந்த உப்பலை இறக்குவது ஒடுக்கை எடுப்பதைவிடச் சிரமம்.

இரண்டு சுற்று அடித்ததும் சத்தம் மாறும். மந்தமாக விழுந்த அடி கணீரென்று துள்ளத் தொடங்கினால் தகடு மறுபடி விறைத்துவிட்டது, திரும்பக் காய்ச்ச வேண்டும். ஆழமான குழிக்கு இரண்டு மூன்று முறை உலைக்குப் போய்வந்தால்தான் ஒழுங்கான வேலை. கூலி கூடுவது இந்தக் கரிக்கும் நேரத்துக்கும்தான். கடைசிச் சுற்று மட்டும் மழமழவென்று தேய்த்த முகமுள்ள இரும்புச் சுத்தியலால், லேசாக, நெருக்கமாக, வயிறு முழுவதும். மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவதோடு, தகட்டுக்குத் தேவையான விறைப்பைத் திருப்பிக் கொடுப்பதும் இந்தச் சுற்றுதான். காய்ச்சி அடிக்கும் பட்டறைகளிலும் பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒடுக்கு போய்விட்டதே என்று நிறுத்திவிடுவார்கள்.

கழுத்துக் குறுகிய குடத்துக்குக் கை உள்ளே போகாது. அதற்கு நீளக் கம்பியின் நுனியை வளைத்து உருண்டை மண்டை வைத்த கருவி இருக்கிறது. கம்பியின் மறுமுனையை வைஸில் இறுக்கி, மண்டை ஒடுக்கின் அடியில் இருக்கும்படி குடத்தைக் கோத்து, வெளியே நீண்டிருக்கும் கம்பியில் அடிப்பார்கள். கம்பி அதிர்ந்து, மண்டை உள்ளிருந்து துள்ளித் தள்ளும். இந்தக் கம்பி அளவுக்கு ஒன்றாக நாலைந்து சுவரில் தொங்குகிற பட்டறை என்றால் நம்பி உள்ளே போகலாம். பேண்டு வாத்தியங்களின் குழலுக்குள் எஃகு உருண்டையை விட்டு, வெளியே வலுவான காந்தத்தை வைத்து இழுத்து ஒடுக்கெடுக்கும் முறையும் உண்டு. பித்தளையைக் காந்தம் பிடிக்காது, உள்ளே உள்ள எஃகைப் பிடிக்கும். நடுவில் மாட்டிய ஒடுக்கு நிமிரும். மெல்லிய குழலுக்கு அது சரி, கனமான குடத்துக்கு எடுபடாது.

பழைய குடங்கள் பல ஒரே தகட்டில் இழுத்தவை இல்லை. மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக அடித்து, விளிம்பைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து, பற்றவைத்தவை. உள்ளே விரல் விட்டால் வயிற்றின் நடுவில் அந்தப் பல் வரிசை தட்டுப்படும். ஒடுக்கு அதன் மேல் விழுந்திருந்தால் கூலி இரட்டிப்பாகக் கேட்டாலும் நியாயம்தான். பொடி ஈயத்தால் ஒட்டிய பழைய ஒட்டு எங்காவது இருந்தால் அதையும் காய்ச்சுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உலையில் வைத்த நிமிடத்தில் அது உருகி ஓடும்.

ஒட்டு என்றதும் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: எதை வைத்து ஒட்டுகிறார்கள்? ரேடியோ ரிப்பேருக்கு விற்கும் 60-40 சால்டரிங் ஈயத்தில் 40 பங்கு விஷமான காரீயம். 183 டிகிரியில் உருகத் தொடங்குவதால் வேலை சுலபம். குத்துவிளக்கின் தண்டை ஒட்டலாம், குடிக்கிற தண்ணீர்க் குடத்துக்கும் சமைக்கிற அண்டாவுக்கும் கூடவே கூடாது. அதற்கு வெங்காரம் (போராக்ஸ்) போட்டுப் பித்தளைப் பொடியிலோ வெள்ளி கலந்த கம்பியிலோதான் பற்றவைக்க வேண்டும். வெள்ளிக் கம்பியிலும் காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்த மலிவு ரகம் உண்டு. "காட்மியம் இல்லாத கம்பி" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

வெண்கலத்தை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி என்று சும்மாவா சொன்னார்கள். சமையல் வெண்கலம் என்பது 78 பங்கு செம்புக்கு ஏறத்தாழ 22 பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்தது. ஆறிய நிலையில் அதைச் சுத்தியலால் தட்டினால் ஒடுக்கு நிமிராது, ஓடு மாதிரி உடையும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நெடுநேரம் ரீங்காரம் நின்றால் வெண்கலம், சட்டென்று அடங்கினால் பித்தளை. உருளியும் வெண்கலப் பானையும் கொண்டுபோகும்போது "இது வேண்டாங்க, என் கைக்கு ஆகாது" என்று திருப்பி அனுப்புகிற பட்டறையை மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை வேலைக்கு அவரிடமே போகலாம்.

சீர்வரிசைப் பாத்திரம் என்றால் பெயர் பொறித்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். புள்ளி புள்ளியாக உளியால் குத்திய பெயர், தகட்டில் கோடு கிழித்த மாதிரிதான். அதன் மேல் ஒடுக்கு விழுந்தால் எழுத்தின் வழியே விரிசல் ஓடும். பெயருள்ள பக்கத்தை வெளியிலிருந்து இரும்பால் அடிக்கக் கூடாது. தோல் சுற்றிய மணல் மூட்டையில் வெளிப்பக்கத்தைச் சாய்த்து, உள்ளிருந்து தட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பாலிஷ் என்று ஒரு ஆபத்து வரும். பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) அழுத்திப் பிடித்தால் அம்மாச்சி பெயரும் ஊரும் வருஷமும் மெழுகாகத் தேய்ந்துபோகும். சமைக்கிற பாத்திரத்துக்குப் பஃப் பாலிஷே தேவையில்லை, புளியும் சாம்பலும் போதும். பாலிஷ் போட்டுத்தான் தருவோம் என்று அடம் பிடிக்கிற இடங்களில், மினுமினுப்பு பல நேரம் சுத்தியல் தடத்தை மறைக்கத்தான். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள். அழுக்கும் கரியும் போன எடை கொஞ்சம்தான் குறையும், அதற்கு மேல் குறைந்தது தகடு.

உலையில் கருத்த பாத்திரத்தை ஆசிட்டில் முக்கி எடுப்பார்கள். அதிலிருந்து ரோஸ் நிறத் திட்டுகளோடு வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கேளுங்கள். பலமுறை பயன்படுத்திய ஆசிட்டில் செம்பு கரைந்திருக்கும். அதற்குள் இரும்பு இடுக்கியை விட்டால் அந்தச் செம்பு பாத்திரத்தின் மேல் படியும். தேய்த்தால் போய்விடும். தேய்த்தும் போகாத சிவப்பு என்றால் ஆசிட்டில் அதிக நேரம் ஊறித் துத்தநாகம் அரித்துப்போயிருக்கிறது. அந்த இடம் இனி பொத்தலாகும்.

அடுத்தது ஈயம். காய்ச்சிய பாத்திரத்தில் பழைய பூச்சு போயிருக்கும், ஆகவே ஒடுக்கெடுத்த சமையல் பாத்திரத்துக்குப் புதிதாக ஈயம் பூசியே ஆக வேண்டும். பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் செம்பும் துத்தநாகமும் குழம்பில் கரையும், களிம்பு ஏறும். முறை எல்லோருக்கும் ஒன்றுதான்: உள்பக்கத்தைப் பளிச்சென்று தேய்த்து, தணலில் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக் கட்டியைத் தொட்டு, உருகியதைப் பஞ்சால் ஒரே வீச்சில் வழித்துவிடுவது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். சூடு போதாவிட்டால் கட்டி கட்டியாக ஒட்டி நகத்தால் பெயரும். சூடு மிஞ்சினால் பூச்சு மஞ்சளித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். நவச்சாரப் புகை நெஞ்சை அடைக்கும். வீட்டு வாசலில் பூச வைத்தால் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

ஏமாற்று நடப்பது கட்டியில். ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் வெள்ளீயமும் காரீயமும் ஒளிந்துகொள்கின்றன. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், ஆகவே கலப்படம் செய்யும் ஆசை எப்போதும் உண்டு. காரீயம் விஷம், உடம்பில் சேரச் சேரக் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். பார்க்க இரண்டு சோதனை. கட்டியை வெள்ளைக் காகிதத்தில் இழுங்கள். பென்சில் மாதிரிக் கருங்கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது. மெல்லிய கட்டியைக் காதருகில் பிடித்து வளைத்துப் பாருங்கள். நல்ல வெள்ளீயம் நறநறவென்று சத்தம் போடும், காரீயம் ஊமையாக வளையும். இரண்டும் மேலோட்டமான சோதனைதான். ஆனாலும் சோதித்துப் பார்க்கிறேன் என்றதும் கட்டியைத் தர மறுக்கிற ஆளிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

அளவுக்கும் ஒரு கணக்குச் சொல்லலாம். வாய் 10 அங்குலம், உயரம் 8 அங்குலம் உள்ள சருவத்தின் உள்பரப்பு 330 சதுர அங்குலம். வழித்த பிறகு நிற்கும் பூச்சு 20 மைக்ரான் என்று வைத்தால் சுமார் 30 கிராம் வெள்ளீயம். வழித்ததில் வீணாவதையும் சேர்த்து 40 கிராம் என்று வையுங்கள். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு, அன்றைய ஈய விலையைக் கேட்டு, ஈயத்துக்குத் தனி, கைக்கூலிக்குத் தனி என்று பிரித்துப் பேசுங்கள். ஒடுக்கு, ஈயம், பாலிஷ் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் இடத்தில் எது குறைகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஈயத்தின் விலைக்கே எட்டாத மொத்தத் தொகை சொன்னால், பூசப்போவது என்ன என்பது விளங்கிவிடும்.

பூசி முடித்ததும் நவச்சாரத்தைக் கழுவித் தள்ளுவது பூசுவதைப் போலவே முக்கியம். அது அம்மோனியா உப்பு. பித்தளைக்கு அம்மோனியா எமன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தொடாமலே கீறி விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரக்காற்றும், கூட்டை இழுத்து வடித்தபோது தகட்டுக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்த வினை அது என்று 1921இல் விளக்கினார்கள். அடித்துவிட்டுக் காய்ச்சாமல் விட்ட குடத்துக்குள்ளும் அதே இறுக்கம் உட்கார்ந்திருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கக் கிராமங்களில் ஒடுக்கெடுத்த பால் பாத்திரத்தை மாட்டுத் தொழுவத்திலேயே கவிழ்த்து வைக்கிற வீடுகளுக்கு இது பொருந்தும். மாட்டு மூத்திரத்துக்கும் குதிரை மூத்திரத்துக்கும் பித்தளைக்கு வித்தியாசம் தெரியாது. பாத்திரத்தை அடுப்படியில் வையுங்கள்.

பழசைப் போட்டுப் புதுசு வாங்குவதைப் பற்றி. கடையில் எடை போட்டு, அழுக்குக்கும் ஒட்டுக்கும் கழிவு பிடித்து, மீதிக்குப் புதுசு தருவார்கள். ஒட்டு மேல் ஒட்டு விழுந்த குடத்துக்கும், மூட்டில் சுற்றிலும் கீறிய அண்டாவுக்கும் இதுதான் புத்திசாலித்தனம், தாராளமாகப் போடலாம். மற்றதற்குப் புதுப் பாத்திரத்தின் கேஜைக் கேளுங்கள். 20 கேஜ் என்றால் தகடு 0.9 மில்லிமீட்டர், 22 என்றால் 0.7, 24 என்றால் 0.55. எண் கூடினால் கனம் குறைவு. தகட்டின் விறைப்பு, கனம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு என்ற கணக்கில் போகும், ஆகவே 20 கேஜ் தகடு 24 கேஜைவிட நான்கு மடங்குக்கு மேல் வளையாமல் நிற்கும். ஒரு ஒடுக்கை எடுக்கச் சோம்பல்பட்டு, சுண்டினால் ஒடுங்குகிற குடத்தை வாங்கி வருவது கணக்குக்கு ஒத்துவராது.

நாள் பார்ப்பதும் முக்கியம். மார்கழிக் கடைசியில் பொங்கல் பானைகள் குவியும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வாடகைப் பாத்திரக் கடைக்காரர்களின் அண்டாக்கள் வரிசை கட்டும். ஆவணியிலும் தையிலும் கல்யாணச் சீர். அந்த நேரத்தில் கொடுத்தால் மூன்று முறை காய்ச்ச வேண்டியதை ஒரு முறையோடு முடித்துவிடுவார்கள். ஆடி மாதம் நல்லது, பட்டறைக்காரருக்கும் கை ஓய்வாக இருக்கும்.

வாங்கும்போது அங்கேயே நிறையத் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஒடுக்கு இருந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கால் மணி நேரம் விடுங்கள். வெள்ளையில் ஈரக்கோடு தெரிந்தால் கீறல். வாயை அளந்து பார்க்க ஒரு நூல் போதும்: குறுக்கே இரண்டு திசையில் பிடித்து அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சமதளத்தில் வைத்தால் ஆடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவி, அரிசி கழுவிய தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு அதன் பிறகு சமையுங்கள். ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கவோ, அதில் அப்பளம் பொரிக்கவோ கூடாது. கடலை எண்ணெய் புகையத் தொடங்கும் சூடும் ஈயம் உருகும் சூடும் பக்கத்துப் பக்கத்து வீடு. கம்பி நாரைத் தொடாமல் தேங்காய் நாரால் தேயுங்கள். உள்ளே மஞ்சள் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தெரிந்தால் மறுபடி பூசக் கொடுத்துவிடுங்கள்.